அரக்கன் விழும் விதம்

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஓர் அரக்கன் முகம் காய்ந்துகொண்டிருக்கிறது. வெல்டிங் செய்பவர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் பழைய முகக் கவசம் அது. கறுப்புக் கண்ணாடி இருந்த சதுரத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒற்றைக் கண்ணாக்கியிருக்கிறது. கொம்புகள் இரண்டும் ரப்பர் குழாய்த் துண்டுகள். தலைமயிர், இயந்திரங்களில் எண்ணெய் துடைக்கிற நூல் கழிவு. பற்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை அறுத்துச் செய்தவை. மேல்வரிசையில் ஆறு இருக்கவேண்டும், ஐந்துதான் இருக்கின்றன. வலது கன்னத்தில் சிமென்ட் கறை. ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. இதை வீட்டில் வைத்திருக்கவும் பிடிக்கவில்லை. தூக்கி எறியவும் முடியவில்லை. பத்து வருடமாக முடியவில்லை.

இதைச் செய்தவர் எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். ஷெட்டில் எல்லோரும் அவரை நைனா என்று கூப்பிட்டார்கள். நான் அண்ணா என்பேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கிற ஆலை எங்களுடையது. நான் அங்கே பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருபது வருடமாக என் வேலை ஒன்றுதான்: மனிதர்கள் அடிபடாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கத்துவது, எழுதி ஒட்டுவது, கையெழுத்து வாங்குவது. இதில் எதுவும் யாருக்கும் பிடிப்பதில்லை.

ஒவ்வொரு மார்ச்சிலும் பாதுகாப்பு வாரம் வரும். கொடி ஏற்றி, உறுதிமொழி எடுத்து, வாசகப் போட்டி வைத்து, கடைசி நாளில் குடும்பங்களை எல்லாம் அழைத்து ஒரு நாடகம் போடுவோம். நாடகம் எழுதுவது நான். தமிழில் முதுகலை படித்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் வருடமே விபத்தை ஒரு அரக்கனாக ஆக்கி எழுதிவிட்டேன். ஹெல்மெட் போடாதவனையும் பெல்ட் கட்டாதவனையும் அரக்கன் தின்ன வருவான். மூன்று தொழிலாளிகள் ஹெல்மெட், கையுறை, பெல்ட் என்ற ஆயுதங்களால் அவனை வீழ்த்துவார்கள். அரக்கன் வேஷத்துக்கு யாரும் வரவில்லை. ஃபிட்டர் அண்ணன் தானாக வந்தார். முகத்தை மட்டும் தானே செய்துகொள்வதாகச் சொன்னார்.

அந்த முகம் முதல்முறை வெளியே வந்த நாள் கண்ணுக்குள் இருக்கிறது. ஷெட்டின் இரும்பு ஷட்டர் முழங்கால் உயரம் எழுந்தது. யாரோ காலி டிரம்மைத் தட்டினார்கள். புகைக்குள்ளிருந்து இரண்டு கொம்புகள் குனிந்து வந்தன. கூட்டம் ஒரு கணம் மூச்சடக்கி, அப்புறம் கூரைத் தகடு அதிர விசிலடித்தது. "ஹெல்மெட்டு போடாதவன் எவன்டா? வா கண்ணு, ஒன்னியத்தான் தேடிக்கினு வந்தேன்" என்று அவர் உறுமினார். நான் எழுதிய வசனம் அது இல்லை. முன்வரிசையில் வெறும் தலையோடு உட்கார்ந்திருந்த மேனேஜரைக் காட்டி நாலைந்து பேர், "தோ இருக்காரு நைனா, தூக்கினு போ! திருப்பிக் கொண்டாராத!" என்று கத்தினார்கள். மேனேஜரும் சிரித்தார். அரக்கன் அவர் தலையைத் தடவிப் பார்த்து, "மயிரே இல்ல, இத்த எவன் துன்னுவான்" என்று விட்டுவிட்டுப் போனான்.

ஆனால் எல்லாவற்றையும் விட அவர் செத்து விழுவதற்குத்தான் கைதட்டல். அவர் விழுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் முழங்கால்கள் மடியும். ஒரு கை மார்புக்குப் போகும், மற்றொரு கை எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல மேலே எழும். பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்து, தரையில் கன்னம் பட்டதும் ஒரு கால் மட்டும் இரண்டு தரம் உதறி அடங்கும். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும். செத்த அரக்கன் எழுந்து, வணக்கம் வைத்து, மறுபடி சாவான். கேன்டீனில் இட்லி கல்லாக இருந்தால் அதே மாதிரி விழுவார், "மேடம், இட்லி பட்டு விபத்து. ரிப்போர்ட்டு எழுதிக்கோங்க" என்று தரையில் கிடந்தபடியே சொல்வார். வருடம் முழுக்க அவர் செத்துக்கொண்டே இருந்தார், நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

என் மகளுக்கு மூன்று வயதானபோது அந்த நாடகத்துக்குக் கூட்டிப் போனேன். மற்ற குழந்தைகள் அலறி அம்மாக்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டன. இவள் என் இடுப்பிலிருந்து எம்பி, அரக்கனின் பல்லைப் பிடித்து ஆட்டினாள். பல் கையோடு வந்துவிட்டது. ஃபிட்டர் அண்ணன் கவசத்தைக் கழற்றி, "இன்னா பாப்பா, டாக்டருக்குப் படிச்சிக்கினு வந்தியா?" என்றார். அவள் பல்லைத் திருப்பித் தரவில்லை. அவரும் வேறு பல் வைக்கவில்லை. அடுத்த மார்ச்சில் ஏன் என்று கேட்டபோது, "பாப்பா புடுங்கின பல்லு மேடம், அப்டியே இருக்கட்டும்" என்றார்.

நாடகம் முடிந்ததும் நான் மேடையேறி மூன்று கேள்விகள் கேட்பேன். குழிக்குள் இறங்குமுன் என்ன செய்யவேண்டும்? யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்? ஒருவன் மயங்கி விழுந்தால் முதலில் என்ன? பரிசுக்கு எவர்சில்வர் டப்பா வைத்திருப்பேன். பதில் வராது. அரக்கன் வசனத்தைச் சொல்லச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒப்பிக்கும். இந்த எரிச்சல் எனக்கு வருடாவருடம் கூடிக்கொண்டே போனது. ஒருமுறை அவரிடமே கொட்டினேன். இன்னும் பயங்கரமாகச் செய்யுங்கள் அண்ணா, ஒருவரும் பயப்படுவதில்லை என்றேன்.

அவர் கையில் இருந்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "மூஞ்சின்னு ஒண்ணு வெச்சிட்டா ஜனங்க கொஞ்ச ஆரம்பிச்சிடுவாங்க மேடம். எவ்ளோ பெரிய பல்லு வெச்சாலும் கொஞ்சுவாங்க. நம்மள அடிக்கறதுக்கு மூஞ்சி கெடையாது."

அன்று மாலையே என்னை ஷெட்டின் மூலைக்குக் கூட்டிப்போனார். ஒரு காலி டிரம், அதன் அடியில் ஆர்கான் குழாய். ஆர்கான் என்பது வெல்டிங்குக்கும் உருக்கிய இரும்பைக் கலக்கவும் நாங்கள் பயன்படுத்துகிற வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை, காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்கிக்கொள்ளும். அவர் ஒரு அகல் விளக்கைத் தகர டப்பாவில் வைத்து, கம்பியில் கட்டி, டிரம்முக்குள் இறக்கினார். கால்வாசி இறங்குவதற்குள் சுடர் அணைந்தது. காற்று அடிக்கவில்லை, சுடர் ஆடவில்லை, இருந்தது, இல்லை. மறுபடி ஏற்றினார், இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது.

"ஊர்ல கெணத்துல எறங்கறதுக்கு முன்ன வெளக்கு உட்டுப் பாப்பாங்கல்ல, அதான். இந்த வருசம் அரக்கன் வர வேணாம் மேடம். மேடையில ஒரு டிரம்மு, ஒரு வெளக்கு. மூணு வாட்டி அணையட்டும். அவ்ளோதான் நாடகம்."

நான் பொன்னேரியில் நெல் பயிரிடுகிற வீட்டில் பிறந்தவள். கிணற்றில் விளக்கு இறக்குவதை நானும் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அங்கேயே தெரிந்தது. தெரிந்தும், "அண்ணா, யார் விசிலடிப்பா?" என்று கேட்டேன். தொழிற்சாலைகளுக்கு இடையிலான நாடகப் போட்டியில் எங்கள் அரக்கன் இரண்டு தடவை கோப்பை வாங்கியிருந்தான். மேனேஜருக்கு மூன்றாவது வேண்டும். எனக்கும்தான் வேண்டும். அந்த மார்ச்சிலும் அரக்கனே வந்தான். செத்தான். கோப்பையும் வந்தது. அது இப்போதும் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

அதே வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம், உலைக்குப் பக்கத்துக் குழியில் அவர் கை தவறி ஒரு ஸ்பேனர் விழுந்தது. ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான குழி. அதில் ஒருநாளும் ஆர்கான் நின்றதில்லை. முந்தின நாள்தான் பக்கத்துக் குழாயில் வால்வு மாற்றியிருந்தார்கள். அது கசிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. ஒரு ஸ்பேனருக்காக அனுமதிச் சீட்டு, வாயு அளக்கும் கருவி என்று எவர் காத்திருப்பார்? எனக்கு டிரம்மையும் விளக்கையும் காட்டியவரே காத்திருக்கவில்லை. இரும்பு ஏணியில் இறங்கினார். குனிந்தார். நிமிர்ந்தார். முழங்கால்கள் மடிந்தன. ஒரு கை மார்புக்குப் போனது, மற்றொன்று மேலே எழுந்தது. பக்கவாட்டில் சாய்ந்தார். ஒரு கால் இரண்டு தரம் உதறியது.

மேலே நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். ஒருவர் விசிலடித்தார். "மார்ச்சுக்கு இன்னும் நாளு கெடக்கு நைனா, எழுந்துக்க" என்றார் இன்னொருவர். "ஒன்ஸ்மோரு!" என்றது ஒரு குரல்.

அவர் இறங்கியதையும் விழுந்ததையும் அந்த நால்வரும் பிறகு சொன்னார்கள்; சிரித்ததை மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே இரும்பு நடைபாதையில் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் போய்க்கொண்டிருந்தேன். விசில் கேட்டுக் குனிந்து பார்த்தேன். அவர் கிடந்தார். நான் எழுதிய சாவு அது. ஒன்பது மார்ச்சாக நான் பார்த்த சாவு. சிரித்துவிட்டு நகர்ந்தேன். அலுவலகக் கதவைத் திறக்கும்போதுதான் அபாயச் சங்கு ஒலித்தது. மூச்சுக் கருவி மாட்டிய ஆள் வந்து அவரைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விபத்து அறிக்கையை எழுதியது நான்தான். "உடனிருந்தோர் உடனடியாக அபாயச் சங்கை ஒலித்தனர்" என்று என் கையாலேயே எழுதினேன். அந்த நால்வரையும் காப்பாற்றுகிறேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அவர் பெட்டியைக் காலி செய்தபோது இந்த முகம் கிடைத்தது. அவர் மனைவி அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது எங்களுக்கு வேணாம்மா" என்றார். பழைய இரும்போடு போடச் சொன்னார்கள். நான் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பரணில் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினேன்.

மறு வருடம், "நைனா நினைவா வேற யாராவது அரக்கன் கட்டலாமே மேடம்" என்றார் மேனேஜர். நாடகமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது வெளியிலிருந்து ஆட்களை வரவழைக்கிறார்கள். காற்றடைத்த ராட்சதப் பல்லி உடை போட்டுக்கொண்டு நான்கு பேர் குதிக்கிறார்கள். பிள்ளைகள் செல்ஃபி எடுக்கிறார்கள். விபத்து என்ற சொல்கூட அதில் வருவதில்லை. கேட்டால், "என்ஜாய் பண்ணட்டும் மேடம், வருசம் பூரா பயமுறுத்திக்கினுதானே இருக்கீங்க" என்கிறார்கள்.

வெளியில் சொல்லி என்ன, வீட்டிலேயே தோற்றுப்போனேன். பல்லைப் பிடுங்கிய அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினான்கு வயது. அவள் அறைச் சுவர் முழுக்க அரக்கர்கள்: கடலிலிருந்து எழுகிறவை, கல்லறையிலிருந்து எழுகிறவை, வேறு கிரகத்திலிருந்து விழுந்தவை. ஒவ்வொன்றின் உயரம், எடை, எந்த ஊரை எப்படி நசுக்கியது, எல்லாம் அத்துப்படி. இதில் என்னடி இருக்கிறது என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருநாள்தான் உருப்படியாகப் பதில் சொன்னாள். "எல்லாத்துக்கும் ஒரு வீக்னஸ் இருக்கும்மா. ஒண்ணுக்கு நெருப்பு, ஒண்ணுக்குத் தண்ணி. அத்த கண்டுபுடிக்கற வரைக்கும்தான் பயம். அதுவும் இல்லாம, வர்றதுக்கு முன்னாடி மியூசிக் வருமில்ல."

அதைப் பல நாள் யோசித்தேன். எளாவூர் சோதனைச் சாவடியில் வரிசையாக நிற்கிற லாரிகளைப் பார்த்தால், பாதிக்குமேல் முகப்பில் ஒரு அரக்கன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பான். புது வீடு கட்டினால் முதலில் மாட்டுவது அவன் முகம். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆலை வாசலில் உடைக்கிற பூசணிக்காயிலும் அவன்தான். நாமே வரைந்த முகத்தை நம்மால் வெல்ல முடியும் என்று தோன்றுகிறதுபோல. அவன் வரும்போது டிரம் சத்தம் கேட்கும், செத்தால் கைதட்டலாம், கைதட்டினால் எழுந்து வணக்கம் வைப்பான். இவ்வளவு வசதியான பயத்தை யார்தான் விடுவார்கள்? எனக்குப் புரிகிறது. புரிவதனால் ஆத்திரம் குறையவில்லை.

இந்தப் பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது முகம் அவள் கையில் சிக்கியது. துள்ளிக் குதித்தாள். நான் வைத்துவிடு என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. எங்கள் ஆலையில் செத்துப்போன ஒரு அங்கிள் செய்தது, அவ்வளவுதான் சொன்னேன்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் பாதி கட்டி நிறுத்திய வீடு இருக்கிறது. தரையடித் தண்ணீர்த் தொட்டியைக் கட்டி, பலகை போட்டு மூடி, மாதக்கணக்கில் அப்படியே விட்டிருந்தார்கள். அப்படி மூடிக் கிடக்கிற தொட்டிக்குள் மூச்சுக்கான காற்று இல்லாமல் போகலாம். இவளும் தோழிகள் இருவரும் அங்கே அரக்கன் வீடியோ எடுத்திருக்கிறார்கள். பலகையை நகர்த்தி, குகைக்குள்ளிருந்து அரக்கன் வருகிற காட்சி. பரணிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்துப்போன முகம் கை நழுவித் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. நான் தெருமுனை திரும்பியபோது தரைக்கு மேல் என் மகளின் தலை மட்டும் தெரிந்தது. உள்ளே கம்பிப் படியில் நின்றிருந்தாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். திட்டு விழப்போகிறது என்று தெரிந்து, சிரிக்கவைக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். கண்ணை மேலே செருகினாள். ஒரு கை மார்புக்குப் போனது. மற்றொரு கை காற்றைப் பிடிப்பதுபோல எழுந்தது. நாக்கைத் தள்ளிக்கொண்டு தலை பக்கவாட்டில் சாய்ந்து மெல்ல உள்ளே இறங்கியது. தோழிகள் கெக்கலித்தார்கள்.

என் உதடும் சிரிப்புக்கு விரிந்தது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு நொடிதான். அப்புறம் எப்படி ஓடினேன் என்று தெரியாது. மண்டியிட்டு, கைக்கு அகப்பட்ட அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தேன். அவள் அலறியபடி மேலே வந்தாள். "சும்மா நடிச்சேம்மா! வுடு! வலிக்குது!" என் விரல்களில் அவள் முடி கொத்தாகச் சுற்றியிருந்தது. தோழிகள் முன்னால் ஓங்கி அறைந்தேன்.

நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பேசமாட்டேன் என்பதை மட்டும் அவள் அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து, "ஒண்ணும் ஆகலயே, வுடேன்" என்றார். ஒன்றும் ஆகவில்லைதான். நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் எனக்கு மறுபடியும் தெரியவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஐந்தாம் நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, அகல் விளக்கையும் தகர டப்பாவையும் நூல் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவளை அந்தத் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் ஆலையில் இதற்குக் கருவி உண்டு. கண்ட குழியிலும் தீயை இறக்கக்கூடாது என்று வகுப்பெடுப்பவளே நான்தான். ஆனாலும் அவள் கண்ணால் பார்க்கவேண்டும் என்று இருந்தது. ஃபிட்டர் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். டிரம்மைப் பற்றி, குழியைப் பற்றி, விசிலைப் பற்றிச் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். விளக்கை இறக்கினேன்.

அது அணையவில்லை. கால்வாசி இறங்கியது, பாதி இறங்கியது, எரிந்துகொண்டேயிருந்தது. அடித்தரை வரை போய் நின்று, கோவில் விளக்கு மாதிரி அசையாமல் எரிந்தது. அந்த ஒளியில், விரலளவு சிமென்ட் தண்ணீரில் மல்லாந்து கிடந்த அரக்கன் முகம் தெரிந்தது. ஒற்றைக் கண் சிவப்பாக மின்னியது. ஐந்து பல்லும் பளபளத்தன.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல" என்றாள். முகத்தை எட்டிப் பார்த்து, "செமயா இருக்கில்ல?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. இருபது வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டேன், விளக்குகூட என் பக்கம் நிற்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தில் என்ன கண்டாளோ, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த அங்கிள் வுழுந்தப்போ நாலு பேரு சிரிச்சாங்கன்னு சொன்னியே. நீ எங்கம்மா இருந்த?"

அறிக்கையில் இல்லாததை, அவள் அப்பாவிடம்கூடச் சொல்லாததை, அவளிடம் சொன்னேன். "மேல நடந்து போய்க்கினு இருந்தேன். பாத்தேன். நானும் சிரிச்சிட்டுப் போயிட்டேன்."

அவள் முடி பிடுங்கப்பட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, விளக்கை மெதுவாக மேலே இழுத்தாள். முருங்கை பறிக்கிற கொக்கிக் கழியை வீட்டிலிருந்து எடுத்துவந்து, குப்புறப் படுத்து, தொட்டிக்குள் கால் வைக்காமல் முகத்தைக் கொம்பில் மாட்டித் தூக்கினாள். "எந்தப் பல்லும்மா நான் புடுங்கினது?" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன்.

அவள் அறைச் சுவரில் அரக்கர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். இதை மட்டும் அங்கே மாட்டவில்லை. காயட்டும் என்று இயந்திரத்தின் மேல் வைத்தவள் அப்புறம் எடுக்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முகம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கப் போனேன். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே அவள் பாயில் கிடந்தாள். ஒரு கை மார்பின்மேல், மற்றொன்று தலைக்கு மேல் நீண்டிருந்தது; கன்னம் தரையில்; வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்: "தூங்கறேம்மா. நடிக்கல."

நான் நகரவில்லை. அவள் மூச்சு சீராகிற வரை, பிறகும் கொஞ்ச நேரம், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அங்கேயே நின்றேன்.